கத்தி பெருமாள் மகள்

உத்திரமேரூரில் கல்லில் வெட்டிய எழுத்தைப் படிக்க வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்கள். இரும்பில் இருப்பதைப் படிக்க வேண்டுமானால் உள்ளூர்க்காரர்கள் சாலவாக்கம் ரோட்டில் இருக்கும் திலகாவின் காயலாங்கடைக்குத்தான் போவார்கள். பலகையில் 'முத்துவேல் பழைய இரும்பு வியாபாரம்' என்று புருஷன் பெயர் போட்டிருக்கும். முத்துவேல் லோடு ஆட்டோவில் ஊர் ஊராகப் போய் சரக்கு எடுத்து வருவதோடு சரி. எது பித்தளை, எது பித்தளை பூசியது, எந்த மோட்டார் நிஜமாகவே புகைந்துபோனது என்பதெல்லாம் திலகா பார்த்துச் சொன்ன பிறகுதான் தராசில் ஏறும்.

ஐம்பது வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் இரும்பு விஷயத்தில் அவளிடம் யாருடைய பாச்சாவும் பலிக்காது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கும்பல் இந்தப் பக்கம் இரிடியம் செம்பு என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. கோபுரக் கலசத்தில் இடி இறங்கி சக்தி ஏறிய செம்பாம், கிட்டே வைத்தால் அரிசியை இழுக்குமாம். அரை ஏக்கரை விற்று அதை வாங்கத் துணிந்துவிட்ட ஒரு பெரியவர், கடைசி நேரத்தில் மனசு கேட்காமல் திலகாவிடம் கொண்டுவந்து காட்டினார். அவள் செம்பைக் கவிழ்த்து அடியை ஒரு பார்வை பார்த்தாள்.

"இடி வுய்ந்துச்சோ இன்னாவோ, இதுல வெல்டிங் வச்சி ரெண்டு வருசம்கூட ஆவல. உள்ள காந்தம் கீது. அரிசியில இரும்புத்தூளு தடவி வச்சிகீறானுங்க. போயி நெலத்துல வெதைய போடு, போ" என்றாள்.

பெரியவர் நிலம் பிழைத்தது. இன்றைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் அவர் வீட்டிலிருந்து ஒரு பூசணிக்காய் வந்துவிடுகிறது.

இவ்வளவு பெயர் எடுத்தவளை ஊரில் எப்படி அடையாளம் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கெட்டிக்காரி திலகா என்றா? இல்லை. 'கத்தி பெருமாள் மகள்.' புதிதாகக் கேட்கிறவர்கள் அவள் அப்பா கசாப்புக்கடை வைத்திருந்தார் என்றோ, ஆளைக் குத்திவிட்டு ஜெயிலுக்குப் போனவர் என்றோ நினைத்துக்கொள்வார்கள். ஊர் வாய்க்கு இரக்கம் என்பதே கிடையாது. ஏனென்றால் திலகா பிறந்ததிலிருந்து பெருமாள் கத்தியைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பார். மாம்பழம் கொடுத்தால் கசக்கி உறிஞ்சுவார். அரிவாளும் கத்திக்குத் தங்கைதான் என்று அறுப்பு வேலைக்குக்கூடப் போகமாட்டார். கிணறு வெட்டினார், செங்கல் சூளையில் கல் சுமந்தார், லாரிக்கு மணல் வாரினார். இப்போது எண்பத்திரண்டு வயதில், கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில் உட்கார்ந்து நட்டு போல்ட்டை அளவு வாரியாகப் பெயின்ட் டப்பாக்களில் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். காது பாதிதான் கேட்கும்.

நடந்தது இதுதான். சாலவாக்கத்துக்கு இரண்டு கல் தள்ளி ஒரு ஊர். அங்கே பெரிய வீட்டில் பெருமாள் பண்ணையாள். அந்த வீட்டுப் பெரியவருக்கு வேட்டைப் பைத்தியம் உண்டு. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்த வேட்டைக் கத்தி ஒன்று அவரிடம் இருந்தது. எருமைக் கொம்புப் பிடி, பித்தளைக் குமிழ், தோல் உறை. காட்டுப்பன்றி விழுந்தால் தோலுரிக்கிறவர் பெருமாள்தான் என்பதால், கத்தியைத் தீட்டுவதும் துடைப்பதும் அவர் பொறுப்பு. எழுபத்தொன்றாம் வருஷம் ஆயுத பூஜைக்கு அதைப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்ததும் அவர்தான். சந்தனமும் குங்குமமும் வைத்து, ஏர், மண்வெட்டி, பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாவற்றோடும் கத்தியையும் சாமிக்கு முன்னால் வைத்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தேடினால் உறையோடு காணோம்.

"பெருமாளுதான் கடைசியா தொட்டான்" என்று அந்த வீட்டுப் பதினாலு வயசுப் பையன் பஞ்சாட்சரம் சொன்னான். அது போதுமானதாக இருந்தது. பெருமாளை வண்டிக் கொட்டகைத் தூணில் கட்டினார்கள். அடித்தார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கோயிலில் சூடம் ஏற்றி, எடுக்கவில்லை என்றால் அடித்து அணை என்றார்கள். பெருமாள் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து சத்தியம் செய்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் இருபதாவது நாள் அவருடைய மூத்த பிள்ளை, இரண்டு வயதுக் குழந்தை, ஜுரத்தில் செத்துப்போனது.

ஊர் அதற்குமேல் யோசிக்கவில்லை. பொய் சத்தியம் பண்ணினான், சாமி பிள்ளையை எடுத்துக்கொண்டது என்று ஒரே பேச்சாகப் பேசியது. பெருமாளும் மனைவி சிட்டம்மாளும் மூட்டையைக் கட்டிக்கொண்டு உத்திரமேரூருக்கு வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே பட்டப்பெயர் வந்து சேர்ந்திருந்தது. வந்த புதிதில் ஒருநாள் சிட்டம்மாள், பிள்ளையைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சலில், "உண்மைய சொல்லிடு. நீ எட்த்தியா?" என்று கேட்டுவிட்டாள். ஒரே ஒரு தடவைதான். பெருமாள் அன்றைக்குக் கத்தியைக் கீழே வைத்தவர்தான், அப்புறம் தொடவே இல்லை. சிட்டம்மாள் அப்படிக் கேட்டதற்காகச் சாகும்வரை அழுதாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள், பாவம்.

திலகாவிடம் பெருமாள் ஒரு விஷயம் மட்டும் சொல்லியிருந்தார். அந்த வருஷக் கோடையில் கத்தியின் பிடி ஆட்டம் கண்டது. சரிசெய்யச் சொல்லிப் பெரியவர் கொடுத்தார். வாஷருக்கு எங்கே போவது? பெருமாள் மடியிலிருந்த ஓட்டைக் காலணா ஒன்றை, அந்தக் காலத்தில் நடுவில் பெரிய ஓட்டையோடு வந்த செப்புக் காசை, பிடிக்குள் நுழைந்து வெளியே வரும் கத்தியின் வாலில் கோத்து அதன்மேல் குமிழைத் திருகி இறுக்கிவிட்டார். வெள்ளைக்காரன் கத்தியில் காலணாவைப் போட்டான் என்று தெரிந்தால் திட்டு விழும் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. திலகா காயலாங்கடை வைத்த இருபத்திரண்டு வருஷத்தில், கைக்கு வந்த பழைய கத்தி ஒன்றையும் வால் பார்க்காமல் எடை போட்டதில்லை. ஒன்றிலும் காலணா இல்லை.

இந்த வைகாசியில் ஒரு காலை. காரிலிருந்து முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி வந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம்.

"அக்கா, என் பேரு கார்த்திக். சென்னைல வேலை. ஊர்ல பழைய வீட்டை இடிச்சிட்டுப் புதுசா கட்டறோம். பரண் மேல ஒரு துணி மூட்டைல, பழைய ஸ்கூல் புக்கோட இது இருந்துச்சு. நெட்ல போட்டேன். பாதிப் பேர் நூறு வருஷத்துக் கத்திங்கறான், பாதிப் பேர் ஆசிட்ல முக்கின டூப்ளிகேட்ங்கறான். நீங்க பார்த்தா கரெக்டா சொல்லுவீங்கன்னு மேஸ்திரி சொன்னாரு."

திலகா பொட்டலத்தைப் பிரித்தாள். தோல் உறை. எருமைக் கொம்புப் பிடி. பித்தளைக் குமிழ்.

"எந்த ஊரு சார்?" என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் நினைத்த ஊர்தான்.

"எங்க தாத்தாகிட்ட வெள்ளைக்காரன் குடுத்த கத்தி ஒண்ணு இருந்துச்சாம்" என்று கார்த்திக் பேச்சுவாக்கில் தொடர்ந்தார். "அதை வேலைக்காரன் ஒருத்தன் அடிச்சிட்டுப் போயிட்டானாம். அதனால இது அது இல்ல, தாத்தா அப்புறமா எங்கயோ வாங்கினதா இருக்கும்னு அப்பா சொல்றாரு. ஒரிஜினல் மாதிரியே செஞ்ச காப்பியோ என்னவோ. அதான் சந்தேகம்."

அந்தப் பிள்ளை மீது தப்பில்லை. வீட்டில் சொன்னதைச் சொல்கிறார். ஆனாலும் திலகாவுக்குக் கத்தியைத் தூக்கி ரோட்டில் எறியலாம் போல ஆத்திரம் வந்தது. அடக்கிக்கொண்டாள். ஆத்திரப்பட்டால் கண் சரியாகப் பார்க்காது என்பது அவளுக்குத் தொழிலில் தெரிந்த பாடம். அது மட்டுமில்லை, பயமும் இருந்தது. இது அந்தக் கத்திதான் என்றால் அப்பா திருடவில்லை. இது வேறு கத்தி என்றால்? அம்மா கேட்ட கேள்வி மறுபடியும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் துருவைப் பார்த்தாள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். விரலில் ஒட்டவில்லை.

"ஆசிட்ல முக்குன துரு செவப்பா வரும், தொட்டா கையில அப்பிக்கும். இது கறுத்து இறுகிப் போயி கீது. பல வருசம் சும்மா கெடந்த துரு" என்றாள்.

உறையின் தையலில் பிரிந்திருந்த நூல் நுனியைத் தீக்குச்சியில் காட்டினாள். உருகி முத்தாகாமல் சாம்பலாக உதிர்ந்தது. பருத்தி நூல். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் கொம்புப் பிடியின் ஓரத்தில் வைத்தாள். முடி பொசுங்கிய நாற்றம் வந்தது.

"பிளாஸ்டிக்கா இருந்தா ஊசி வெண்ணெயில எறங்கற மாதிரி எறங்கிடும். இது நெசக் கொம்பு."

அலகில் இருந்த ஆங்கில எழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். அச்சு வைத்து அடித்த எழுத்து. ஒரு பக்கம் ஆழமாகவும் மறு பக்கம் மேலோட்டமாகவும் விழுந்திருந்தது. ஆள் கையால் சம்மட்டி அடித்தால்தான் அப்படி விழும். குமிழின் இடுக்கில் எண்ணெயோடு சேர்ந்து இறுகிய மஞ்சளும் சிவப்புமான அழுக்கு அடுக்கடுக்காக இருந்தது. வருஷா வருஷம் பூஜையில் வைத்த சந்தனமும் குங்குமமும்.

"எம்பது, தொண்ணூறு வருசத்துக் கத்தி சார். சீமைச் சரக்கு. டூப்பு கெடையாது."

"சூப்பர் அக்கா!" என்று கார்த்திக் கையை நீட்டினார்.

திலகா கத்தியைக் கொடுக்கவில்லை. பழையது என்பது மட்டும் அவளுக்குப் போதாது. தாத்தா வேறொரு பழைய கத்தியை வாங்கினார் என்று சொல்லிவிட்டால் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான்.

"சார், உங்க அப்பாவுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள்.

கார்த்திக் புரியாமல் போட்டார். அந்தப் பக்கம் பஞ்சாட்சரம் எடுத்ததும் திலகாவே பேசினாள்.

"ஐயா, நான் உத்திரமேரூர்ல காயலாங்கடை வச்சிகீறன். கத்தி பெருமாள் பொண்ணு."

கார்த்திக்கின் முகம் வெளுத்தது. சற்றுமுன் தான் பேசியது என்னவென்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"உங்க புள்ள ஒரு கத்தி எட்த்துக்கினு வந்துகீறாரு" என்று திலகா குரல் நடுங்காமல் சொன்னாள். "அந்தப் பித்தளைக் குமியுக்கு அடியில ஒரு ஓட்டைக் காலணாவ வாஷரா போட்டேன்னு எங்க நைனா எங்கிட்ட சொல்லிகீறாரு. அது எங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும். நான் தொறக்கப் போறதில்ல. நான் தொறந்தா நான்தான் வச்சன்னு சொல்லுவீங்க. உங்க புள்ள கையாலயே கயட்டட்டும். காலணா இல்லன்னா, நானே உங்க ஊருக்கு வந்து எங்க நைனாதான் எட்த்தாருன்னு கோயிலாண்ட நின்னு சொல்லிடறன்."

உள்ளே அப்பா டப்பாவில் நட்டுப் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

குமிழ் லேசில் அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார்கள். பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எழுந்துவந்து வேடிக்கை பார்த்தார்கள். கால் மணி நேரம் கழித்து கார்த்திக் துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகியதும் குமிழ் 'நறுக்'கென்று இடம்விட்டு, சுற்றிச் சுற்றி வெளியே வந்தது. அடியில் காசு தெரியவில்லை. கன்னங்கரேலென்று ஒரு அழுக்குக் கட்டிதான் இருந்தது.

திலகா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். போனில் பஞ்சாட்சரம், "இன்னாச்சு? இன்னாடா கீது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இருங்கப்பா" என்றார் கார்த்திக். அவருக்கு மனசு ஆறவில்லை. மேசைமேல் இருந்த ஊசியை எடுத்து அழுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். ஐம்பத்து சொச்ச வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே ஒரு வட்டம் தெரிந்தது. கத்தியின் வாலிலிருந்து அதை உருவி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் ஓட்டை.

"ஒன் பைஸ்... இந்தியா... நைன்டீன் ஃபார்ட்டி ஃபோர்" என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். "அப்பா, இருக்குப்பா. அவங்க சொன்ன காசு இருக்கு."

திலகா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் டீ கொண்டுவர ஓடினார்.

பஞ்சாட்சரம் ஒன்றே ஒன்று கேட்டார். "கார்த்தி, அந்த மூட்டையில இருந்த புக்கு எந்த கிளாஸுது?"

"எட்டாவதுப்பா. உங்க பேரு எழுதியிருக்கு."

போன் கட்டாகிவிட்டது.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார் பஞ்சாட்சரம். அறுபத்தேழு வயது, நரைத்த மீசை. கையில் ஒரு பை நிறைய ருமானி மாம்பழம். வெறுங்கையோடு போகக்கூடாது என்று வாங்கியிருப்பார் போலும். கடைவாசலில் நின்றவர், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் பையைக் கை மாற்றிக்கொண்டே நின்றார். கத்தி கிடைத்த சேதி கேட்டுக் கடைக்குள் வந்து உட்கார்ந்திருந்த பெருமாள், அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். கை தானாகத் தோள்துண்டுக்குப் போனது. எத்தனை வருஷமானாலும் அந்தப் பாழாய்ப்போன பழக்கம் போவதில்லை. திலகா சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். துண்டு தோளிலேயே இருந்தது.

"உக்காரு... உக்காருங்க" என்றார் பஞ்சாட்சரம். பதினாலு வயசில் டா போட்டுக் கூப்பிட்ட மனிதரை இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்கு விளங்கவில்லை. பெருமாளுக்குக் காதில் விழ வேண்டுமே என்பதற்காக உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. அதனால் டீக்கடை வரைக்கும் எல்லோருக்கும் கேட்டது.

"அந்த மூட்டய நான்தான் கட்னது. பூஜ போட்டத எட்த்து வைடான்னு எங்கம்மா சொன்னாங்க. கிட்டிப்புள் ஆடப் போற அவசரத்துல பொஸ்தவம், கத்தி எல்லாத்தையும் பூஜத் துணியோட சுருட்டி பரண் மேல வீசிட்டன். பழைய பொஸ்தவம், அதுக்கப்புறம் நான் பிரிக்கவே இல்ல. கத்திய தேடும்போது எனக்கு அது நெனப்பே வரல. நீங்கதான் கடைசியா தொட்டீங்கன்னு சொன்னதும் நான்தான். நான் சொன்னதாலதான் உங்கள கட்னாங்க." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பெருமாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று திலகா எதிர்பார்த்தாள். சொல்ல வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டாள்.

"காலணா கீதா சின்னையா?" என்றார் பெருமாள்.

"கீது."

"பிடி ஆடலியே?"

"இல்ல. கயட்டறதுக்கே கால் மணி நேரம் ஆச்சாம்."

பெருமாள் தலையை ஆட்டினார். பிறகு, யாரிடமும் கேட்காதது போல, மெதுவாகக் கேட்டார்.

"அப்ப எம் புள்ளைக்கி வந்தது சொரந்தான? வெறும் சொரந்தான?"

திலகா இதை எதிர்பார்க்கவில்லை. தான் எடுக்கவில்லை என்று யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியுமே! தெரிந்தும், இத்தனை வருஷமாக, சூடத்தை அடித்த அந்தக் கைதான் பிள்ளையைக் கொன்றதோ என்று உள்ளுக்குள் மருகிக்கொண்டே இருந்திருக்கிறார். ஊர் சொன்னதை ஊர் மறந்தாலும் அவர் மறக்கவில்லை.

"சொரந்தான் நைனா" என்று அவர் காதருகே சொன்னாள். "சாமிக்குத் தெரியாதா? வெறும் சொரந்தான்."

பஞ்சாட்சரம் மகனிடமிருந்து கத்தியை வாங்கி இரண்டு கைகளாலும் நீட்டினார். "இத நீங்களே வச்சிக்குங்க."

"எனக்கு எதுக்கு? அது உங்க வூட்டுப் பொருளு. உங்க வூட்லதான் இருந்துச்சின்னு ஊருக்குத் தெரிஞ்சா போதும்."

"ஞாயித்துக்கெயம ஊரக் கூட்டி அதே கோயிலாண்ட சொல்றன். நீங்களும் வரணும்."

"நீங்க சொல்லுங்க சின்னையா. நான் வந்து இன்னா பண்ணப் போறன்? எனக்குத்தான் பாதி காதுல வுயாதே" என்றார் பெருமாள். டீக்கடைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பஞ்சாட்சரமும் அழுகையோடு சிரித்துவிட்டார். அப்போதுதான் கையிலிருந்த பை நினைவுக்கு வந்து, மாம்பழங்களை மேசைமேல் வைத்தார்.

பெருமாள் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். ருமானி, உருண்டையாக, நன்றாகப் பழுத்தது. வழக்கம்போல் கசக்கப் போகிறார் என்று திலகா நினைத்தாள். அவர் கசக்கவில்லை.

"திலகா, வூட்ல காய் அரியற கத்தி கீது பாரு, அத எட்த்தா" என்றார்.

திலகா சரியாகத்தான் கேட்டோமா என்று நின்றாள். பிறகு ஓடிப்போய் எடுத்துவந்தாள். பெருமாள் அதை வாங்கி, கட்டைவிரலால் கூர் பார்த்தார். மொண்ணை என்று முணுமுணுத்து, வாசற்படிக் கல்லில் இரண்டு இழு இழுத்தார். பழத்தைத் திருப்பித் திருப்பித் தோலைச் சீவினார். தோல் எங்கும் அறுபடாமல் ஒரே நீளமாகத் தொங்கிற்று. முதல் துண்டைப் பஞ்சாட்சரத்திடம் நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கி, அங்கேயே நின்று சாப்பிட்டார்.

ஐம்பது வருஷமாகக் கத்தி பெருமாள் மகள் என்று பெயர் வாங்கியவள், தன் அப்பாவின் கையில் ஒரு கத்தியை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தாள்.